நம் வீட்டில் முன்பு யார் குடியிருந்தார்கள்? சென்னையில் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் சமையலறையில், சுவரோடு பதித்த மர அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய ஒரே ஒரு வரி: ‘மாசி, கிருஷ்ண பட்சம், நவமி – அம்மா.’ யாரோ ஒருவர் தம் தாயின் திதியை மறந்துவிடக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார். அது யாருடைய அம்மா என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. அதற்காக ஏறி இறங்கிய படிகளைப் பற்றித் தெருவில் பேசப் போய், தங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டுமா?

முதலில் போக வேண்டாம். பதிவு அலுவலகத்தில் இருக்கும் பத்திரம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். தெருமுனை வீட்டில் இருக்கும் எண்பத்தெட்டு வயதுப் பாட்டி இருப்பார் என்று சொல்ல முடியாது. நான் செய்த பெரிய தவறு இதுதான். ஆறு மாதம் காகிதங்களின் பின்னால் அலைந்துவிட்டு, எதிர்வீட்டுப் பெரியவரிடம் கேட்கலாம் என்று போனபோது அவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது.

முதல் வாரம் முழுவதையும் மனிதர்களுக்குக் கொடுங்கள். இஸ்திரி வண்டிக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், இரண்டு தலைமுறையாக மளிகைக்கடை நடத்துபவர், கோயில் குருக்கள், பழைய டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர் என்று ஒவ்வொருவரையும் பாருங்கள். ‘இங்கே முன்பு யார் இருந்தார்கள்?’ என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் ‘யார் யாரோ இருந்தார்கள்’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வீட்டை என்ன பெயர் சொல்லிக் குறிப்பிடுவீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஹெட்மாஸ்டர் வீடு’, ‘ஊஞ்சல் வீடு’, ‘மாவு மில்காரர் வீடு’ என்று ஏதாவது ஒன்று வரும். அதுதான் நூலின் முனை.

நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு கேட்பதும் பலன் தரும். ‘2003 வறட்சியில் யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள்?’, ‘2015 டிசம்பர் வெள்ளத்தில் யார் வீட்டு மாடியில் தங்கினீர்கள்?’ என்று கேட்டால், ஆண்டும் ஆளும் வீடும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. சென்னைவாசிகளின் நினைவு தண்ணீரை ஒட்டியே அடுக்கப்பட்டிருக்கிறது.

சொந்தக்காரர் யார் என்று தெரிந்தால் குடியிருந்தவர் யார் என்றும் தெரிந்துவிடும் அல்லவா?

தெரியாது. இந்தத் தேடலில் இறங்குகிற எவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான். சென்னை வாடகை வீடுகளின் நகரம். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஒரே வாசலுக்குள் எட்டுப் பத்துக் குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனம் இருந்த ‘ஸ்டோர்’ வீடுகள் எத்தனையோ உண்டு. ஒரு கிணறு, பொதுவான முற்றம், வரிசையாக அறைகள். அங்கே நாற்பது ஆண்டு வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று, கல்யாணம் செய்து கொடுத்து, அங்கேயே கண்ணை மூடியவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது. வேறு தெருவிலோ வேறு ஊரிலோ இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வாடகை வாங்கிப் போனவரின் பெயர்தான் இருக்கும்.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். மாத வாடகைக்கும் பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் வாடகைக்காரர்கள் தடமில்லாமல் வந்து தடமில்லாமல் போனார்கள்.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் தம் கடைசி நாட்களைக் கழித்து 1921 செப்டம்பரில் மறைந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். அவர் அங்கே குடக்கூலிக்குத்தான் இருந்தார். அந்த வீடு இன்று நினைவு இல்லமாக நிற்பதற்குக் காரணம், அவரோடு பழகியவர்கள் இடத்தைச் சொல்லியும் எழுதியும் வைத்ததுதான். கிரயப் பத்திரங்களை மட்டும் புரட்டினால் அந்த வீட்டில் பாரதி இல்லை.

ஆகவே சொந்தக்காரர் வரிசை, குடியிருந்தவர் வரிசை என்று இரண்டு தனிப் பட்டியல்கள் போடுங்கள். முதலாவது சில வாரங்களில் நிரம்பிவிடும். எனக்கு அக்கறை இரண்டாவதில்தான்.

வில்லங்கச் சான்றை எப்படிப் பயன்படுத்துவது?

கடன் வாங்கப் போகும்போது மட்டும் எடுக்கிற காகிதமாக அதை நினைக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தேதி, ஆவண எண், சொத்து விவரம் என்று ஒரு வீடு கைமாறிய கதை முழுவதும் அதில் வரிசையாக இருக்கிறது. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 தொடங்கியுள்ள விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுப் போட்டு, தேட வேண்டிய ஆண்டுகளைக் குறிப்பிட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

கதவு எண்ணை நம்பித் தேடாமல் சர்வே எண்ணைக் கொண்டு தேடுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் உங்கள் மனையின் நகர அளவை எண்ணும் பிளாக் எண்ணும் கிடைக்கும். சென்னைப் பத்திரங்களில் பழைய சர்வே எண், மறு சர்வே எண், கலெக்டர் சான்றிதழ் எண் என்று மூன்று எண்கள் அடுத்தடுத்து வருவதுண்டு. மூன்றையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காலத்துக்குக் காலம் ஒவ்வொன்று ஆட்சி செய்திருக்கிறது.

‘முந்தைய ஆவண எண்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதுவே கீழே இறங்கும் ஏணி. 1988ஆம் ஆண்டுப் பத்திரம் 1961ஆம் ஆண்டுப் பத்திரத்தைக் காட்டும், அது 1934ஐக் காட்டும். உங்கள் பகுதி முன்பு வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் இருந்திருக்கலாம். ஓர் ஆண்டுக்கு முன் ஒன்றுமே இல்லை என்று சான்று வந்தால் மனம் தளராமல், இந்த அலுவலகம் எந்த அலுவலகத்திலிருந்து பிரிந்தது என்று கேளுங்கள்.

அந்நியர் வீட்டுப் பத்திரத்தின் நகலைக் கேட்டால் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் எவரும் பார்வையிடலாம், நகல் பெறலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்த உயில் வேறு விதம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல். அவர் மறைந்த பிறகு யார் வேண்டுமானாலும் மனுச் செய்யலாம்.

நகல் கையில் வந்துவிட்டது. அதில் எதைப் பார்ப்பது?

விலையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள் பலர். ஒரு பழைய கிரயப் பத்திரத்தை உட்கார்ந்து படிக்க எனக்கு ஒரு முழு மாலை வேண்டும்.

முதலில் நான்கெல்லையைப் பாருங்கள். ‘இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு’ என்று சக்குபந்தி சொல்லும்போது அக்கம்பக்கத்தார் பெயர்கள் வந்துவிடுகின்றன. இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். உங்கள் வீட்டின் பத்திரம் கிடைக்காத ஆண்டுகளில் அடுத்த வீட்டின் பத்திரம் உங்கள் வீட்டைப் பேர் சொல்லிக் குறித்திருக்கும். எங்கள் வீட்டில் 1930களுக்கு முந்தைய சொந்தக்காரரின் பெயர் எனக்கு இப்படித்தான் கிடைத்தது, பின்புறத் தெருவில் உள்ள ஒரு வீட்டின் அடமானப் பத்திரத்திலிருந்து. எல்லைகளில் உரிமையாளர் பெயர் இல்லாமல் ‘இன்னார் குடியிருக்கும் வீடு’ என்று வருவதும் உண்டு. அப்படி ஒரு வரி கிடைத்தால் அது பொன்.

அடுத்தது பாத்தியம் சொல்லும் பகுதி. ‘மேற்படி சொத்து எனது தகப்பனாருக்குச் சுயார்ஜிதமாகக் கிடைத்து, அவர் காலத்துக்குப் பின் நானும் என் சகோதரர்களும் பாகம் செய்துகொண்டு…’ என்று ஒரு குடும்பமே அங்கே விரியும். பாகப்பிரிவினைப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும் கிரயப் பத்திரத்தைவிட வளமானவை. அவற்றில் மகள்கள், மருமகன்கள், அவர்கள் அப்போது இருந்த ஊர், செய்த தொழில் எல்லாம் இருக்கும். மனைவி பெயரில் வாங்கிய வீடுகளும் நகரத்தில் ஏராளம். ஆண் பெயரில் தேடி அலுத்தவர்கள் அட்டவணையில் மனைவி பெயரில் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, சாட்சிக் கையெழுத்து. சாட்சி போட வந்தவர் பெரும்பாலும் நண்பர், உறவினர், பக்கத்து வீட்டுக்காரர். சில சமயம் அங்கேயே குடியிருந்தவர். விலாசமும் எழுதியிருப்பார்.

தேதி வைப்பதில் கவனம் வேண்டும். தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ‘ஸ்ரீமுக’ என்றால் 1933ஆகவும் இருக்கலாம், 1993ஆகவும் இருக்கலாம். வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டான பசலியின் எண்ணோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1345 என்பது 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரை. அணாக் கணக்கில் தொகை இருந்தால், பெரும்பாலும் அது 1957இல் நயா பைசா வருவதற்கு முந்தையது. பரப்பளவு கிரவுண்டில் இருக்கும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி.

பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கின்றன. அதற்கும் முந்தைய எண் ஒன்று உண்டா?

இருக்கக்கூடும், இதில்தான் பலர் அடுத்த வீட்டின் வரலாற்றைத் தங்கள் வீட்டின் வரலாறு என்று நம்பிவிடுகிறார்கள். இன்று ‘பழைய எண்’ என்று பலகையில் இருப்பதுகூட ஒரு காலத்தில் புதிய எண்ணாக இருந்திருக்கலாம். ஒரு வீடு இரண்டாகப் பிரிந்தால் 14 என்பது 14ஏ ஆகும். இரண்டு மனைகள் சேர்ந்தால் ஓர் எண் காணாமல் போகும்.

நான் செய்வது இதுதான். தெருவில் இடம் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்வேன்: கோயில், மசூதி, பள்ளிக்கூடம், முச்சந்தி. பழைய பட்டியலில் அதன் எண் என்ன, அதிலிருந்து நம் வீடு எத்தனையாவது என்று எண்ணுவேன். எண் மாறிய காலத்துக்கு முன்னும் பின்னுமான சொத்து வரி ரசீதுகள் இருந்தால் இந்தச் சிக்கல் ஒரு நாளில் தீரும். மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வரை போவதற்கு முன் உங்களிடம் வீட்டை விற்றவரின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குடிநீர் வரி அட்டையும் மின் இணைப்பு அட்டையும் அங்கே கிடக்கும். மின் இணைப்பைப் பெயர் மாற்றாமலே விட்டுவிடுவது இங்கே வழக்கம். மூன்று கை மாறிய வீட்டுக்கும் முதல் சொந்தக்காரரின் பெயரிலேயே இன்றும் பில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

தெருவின் பெயரே மாறியிருந்தால்?

பழைய ஆவணங்களில் பழைய பெயரில் தேட வேண்டும். எட்வர்ட் எலியட்ஸ் ரோடு இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை, பைகிராப்ட்ஸ் ரோடு பாரதி சாலை, பிராட்வே பிரகாசம் சாலை. சிறு தெருக்களில் இன்னொரு மாற்றம் நடந்தது. 1970களின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்கள் நீக்கப்பட்டன. ஆகவே இன்று வெறும் ஆள் பெயராக நிற்கும் தெருவை, 1950ஆம் ஆண்டுப் பத்திரத்தில் முதலி, செட்டி, நாயக்கன் என்ற பின்னொட்டோடு தேடுங்கள். அட்டவணையில் அது வேறு இடத்தில் இருக்கும்.

வாடகைக்கு இருந்தவர்களை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

இதற்கு ஒரே வழி என்று எதுவும் கிடையாது. சிறு சிறு துண்டுகளாகத்தான் சேர்க்க வேண்டும்.

வாக்காளர் பட்டியலில் தொடங்கலாம். வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் அதில் உண்டு, சொந்த வீடா வாடகையா என்ற பேதம் அதற்குக் கிடையாது. 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்கள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கின்றன. 2008 மறுவரையறைக்கு முன் தொகுதிகளே வேறு என்பதை மறவாதீர்கள். பூங்கா நகர், புரசைவாக்கம் போன்ற தொகுதிகள் இன்று இல்லை.

பிறகு டெலிபோன் டைரக்டரி. போன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்கள் பெயரும் விலாசமும் அச்சில் இருக்கும். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணை ‘பி.பி.’ என்று போட்டுக் கொடுத்தார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் பி.பி. எண் இருந்தால் இரண்டு வீடுகளின் உறவு ஒரே வரியில் தெரிந்துவிடும்.

கல்யாணப் பத்திரிகையை அலட்சியம் செய்யாதீர்கள். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் இருவரின் விலாசமும் தேதியோடு அதில் இருக்கும். கருமாதிப் பத்திரிகையும் அப்படியே. உறவினர் வீடுகளில் பழைய பத்திரிகைகளைக் கம்பியில் கோத்து வைத்திருப்பார்கள்.

அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புகள் வருகின்றன. இன்னாரின் மகன், இன்ன தேதியில் பிறந்தவர், இன்ன விலாசத்தில் வசிப்பவர் என்று முழுவதும் அச்சாகும். வேலைக்கு எழுதிய விண்ணப்பமும் அப்படித்தான். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கேட்டு ராமானுஜன் எழுதிய கடிதத்தின் தலைப்பில் திருவல்லிக்கேணி ‘சம்மர் ஹவுஸ்’ விலாசம் இருக்கிறது. தாத்தா வேலை பார்த்த அலுவலகத்தின் பணிப்பதிவேடு, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, வங்கிப் பாஸ்புத்தகம் எல்லாமே வீட்டு விலாசத்தைச் சுமந்துகொண்டிருப்பவை.

சமயம் சார்ந்த ஏடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ராயபுரம், சாந்தோம், பெரம்பூர் பக்கம் என்றால் கிறிஸ்தவத் தேவாலயப் பங்கின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் இருக்கும். இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. எனக்கு வழி திறந்தது ஒரு வாத்தியாரின் நோட்டுப் புத்தகம். எங்கள் பகுதியில் மூன்று தலைமுறையாகப் புரோகிதம் செய்யும் குடும்பம் அது. எந்த வீட்டில் யாருக்கு எந்தத் திதி என்று அவருடைய தகப்பனார் மாதவாரியாக எழுதி வைத்திருந்தார். மாசிப் பக்கத்தைத் திருப்பி, கிருஷ்ண பட்ச நவமிக்கு நேரே விரலை வைத்தார். நான்கு வீடுகள் இருந்தன. ஒன்றில் எங்கள் தெருவின் பெயரும் ‘கிணற்றடிப் போர்ஷன்’ என்ற குறிப்பும். எங்கள் வீட்டின் நான்கு சொந்தக்காரர்களைப் பற்றியும் அதற்குள் எனக்கு எல்லாம் தெரியும். கிணற்றடிப் போர்ஷனில் பத்தொன்பது ஆண்டு இருந்த அந்தத் தையற்கடைக் கணக்கரின் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதுகிறார்களே, அதைப் பார்க்க முடியாதா?

முடியாது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் அந்தப் படிவங்களை எவரும் பார்வையிட இடம் தரவில்லை. தொகுத்த எண்ணிக்கைகள்தான் வெளியாகும்.

நீதிமன்றத்தில் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், அதுவும் வாடகைக்காரர்களைப் பற்றி. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் சென்னையில் வழக்குகள் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடந்தன. வாடகைப் பாக்கி, காலி செய்யச் சொல்லி மனு, சொந்தக் குடியிருப்புக்கு வேண்டும் என்ற மனு என்று ஒவ்வொன்றிலும் குடியிருந்தவர் பெயர், எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார், எவ்வளவு வாடகை, எத்தனை அறைகள் என்பதெல்லாம் இருக்கும். குடும்பங்கள் சொல்லத் தயங்குகிற மனத்தாங்கல்களும் இருக்கும் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு வாடகை ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் இந்தத் தேடல் கொஞ்சம் எளிதாகலாம்.

சொந்தக்காரர் வரிசையில் இடைவெளி விழுந்தால் உயர்நீதிமன்றத்தின் உயில் மெய்ப்பித்தல் (புரோபேட்) மனுக்களைத் தேடுங்கள். சென்னை நகரச் சொத்து பற்றிய இந்துக்களின் உயில்களுக்கு நெடுங்காலம் இந்த மெய்ப்பித்தல் கட்டாயமாக இருந்தது. வாரிசுகள் எல்லாரும் விலாசத்தோடு அதில் வரிசையாக நிற்பார்கள்.

எங்கள் வீடு கோயில் மனையில் இருக்கிறது. அதற்கு வேறு வழியா?

ஆம். மாட வீதிகளைச் சுற்றிப் பல இடங்களில் நிலம் கோயிலுடையது, கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. அடிமனை வாடகை யார் செலுத்தினார்கள் என்ற கேட்பு வசூல் பதிவேடு கோயில் அலுவலகத்தில் இருக்கும். கட்டடம் கைமாறும்போது கோயில் ஏட்டில் பெயர் மாற்ற மனு வந்திருக்கும். செயல் அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. பிறரின் சொந்த விவரம் என்று மறுக்கவும் கூடும், ஆகவே மிகப் பழைய ஆண்டுகளை மட்டும் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாராவுக்கும் போவதால் பயன் உண்டா?

உங்கள் வீடு எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909 முதல் எழும்பூரில் இருக்கிறது. நிலம் அரசு கையகப்படுத்தியது, பெரிய தோட்ட பங்களாக்கள் கைமாறியது போன்றவற்றுக்கு அங்கே கோப்புகள் கிடைக்கலாம். ஒரு சந்தில் உள்ள சிறு வீட்டுக்கு நேரடியாக எதுவும் கிடைப்பது அரிது.

1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகத்தில் பழைய டைரக்டரிகளைக் கேளுங்கள். ‘அசைலம் பிரஸ் அல்மனாக்’ போன்ற ஆண்டு வெளியீடுகளில் அதிகாரிகள், வணிகர்கள், வழக்கறிஞர்கள் பெயர்கள் வருகின்றன. ஆங்கிலேயர்களும் வசதி படைத்த இந்தியர்களும்தான் பெரும்பாலும் அதில் இருப்பார்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களும் துண்டு அச்சுகளும் உள்ளன. ‘வீடு வாடகைக்கு’, ‘காலமானார்’ பகுதிகளுக்காக நாளிதழ்களைப் புரட்ட எண்ணினால் குத்துமதிப்பான ஆண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அந்தக் கடலில் கரை தெரியாது.

வீட்டின் வயதையே எப்படிக் கணிப்பது?

இடம் முதலில் ஓர் எல்லை வைக்கும். தியாகராய நகர் என்றால் 1920களுக்கு முன் போக வேண்டாம். அதற்கு முன் அது ஏரி. சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனி என்றால் நகர மேம்பாட்டு டிரஸ்ட் போட்ட மனைகள். 1961இல் அந்தப் பணியை வீட்டு வசதி வாரியம் ஏற்றது. வாரிய வீடுகளில் ஒதுக்கீடு பெற்றவர் தவணை கட்டி முடித்தபின்தான் பத்திரம் எழுதப்படும். குடிவந்த ஆண்டுக்கும் பத்திர ஆண்டுக்கும் இடையே இருபது ஆண்டுகூட இருக்கலாம்.

அடுத்தது கட்டடம். கைப்பிடிச் சுவரின் நெற்றியில் சுதையில் ஆண்டு இருக்கிறதா என்று மாடிக்கு ஏறிப் பாருங்கள், வெள்ளையடித்து வெள்ளையடித்து மூடியிருக்கும். ஓடு இருந்தால் ஒன்றைப் புரட்டுங்கள், அடியில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். மரத்தூலத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையா, கான்கிரீட்டா என்பதும் காலத்தைச் சொல்லும். கிடைத்த கடித உறையில் ‘மதராஸ்-5’ என்று மட்டும் இருந்தால், 1972 ஆகஸ்டில் ஆறு இலக்கப் பின்கோடு வருவதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பழக்கத்தால் அதன்பிறகும் அப்படி எழுதியவர்கள் உண்டு, ஆகவே தபால் முத்திரையையும் பாருங்கள்.

ஒரே ஆண்டில் தெருவில் பல வீடுகளில் ஆட்கள் மாறியிருக்கிறார்கள். ஏன்?

அது 1942 என்றால் விடை எளிது. ஜப்பானியர் தாக்குவார்கள் என்ற அச்சத்தில் அந்த ஏப்ரலில் நகரமே காலியானது. அரசு அலுவலகங்கள் இடம் மாறின, குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போயின. திரும்பி வந்தவர்களில் பலர் பழைய வீட்டுக்கே வரவில்லை. 1947, 1953 ஆண்டுகளை ஒட்டியும் சில தெருக்களில் இப்படிப்பட்ட பெயர்ச்சி தெரியும், தேசப் பிரிவினையும் ஆந்திரப் பிரிவும் நடந்த ஆண்டுகள் அவை.

கண்டுபிடித்த குடும்பத்தைத் தொடர்புகொள்ளலாமா?

கொள்ளலாம், ஆனால் கடிதமாக எழுதுங்கள். திடீரென்று போனில் ‘உங்கள் பழைய வீட்டில் இருந்து பேசுகிறேன்’ என்றால் எதிர்முனையில் இருப்பவர் சொத்துத் தகராறு என்றுதான் முதலில் நினைப்பார். நீங்கள் யார், ஏன் தேடுகிறீர்கள், சொத்து தொடர்பாக எதுவும் கேட்கவில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுத வேண்டாம். ஒரு வீட்டை நினைக்க விரும்பாததற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் விலாசத்தையும் அவர்கள் சம்மதமின்றி எங்கும் வெளியிடாதீர்கள்.

எனக்குப் பதில் வந்தது. கணக்கரின் மகன் எழுபது வயதில் கோயம்புத்தூரில் இருந்து புறப்பட்டு வந்தார். அந்த வரியை எழுதியது அவருடைய தகப்பனார். மகன் அலமாரிக் கதவைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கிணறு எங்கே என்று கேட்டார். மூடிவிட்டோம் என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தது.

வீட்டை அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். இப்போது என்ன செய்ய முடியும்?

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே போங்கள். திருவேட்டீசுவரன்பேட்டையில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’கூட 2012இல் இடிபட்டது. பேர் பெற்றவர் வீட்டுக்கே அந்தக் கதி என்றால், பேர் தெரியாத வீடுகளை யார் காப்பாற்றுவார்கள்? பத்திரத்தின் நகல் பிறகும் கிடைக்கும். சுவரில் இருப்பது இனிக் கிடைக்காது.

வீட்டுக்காரரிடமோ பில்டரிடமோ ஒரு மணி நேரம் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கைவிளக்கு எடுத்துப் போங்கள். அலமாரிக் கதவுகளின் உட்புறம், பரண், சமையலறைக் கதவின் பின்பக்கம், பூஜை அறைச் சுவர் ஆகியவற்றைப் படம் எடுங்கள். பால் கணக்கு, சலவைக் கணக்கு, திதி எல்லாம் அங்கேதான் எழுதுவார்கள். மின் மீட்டர் பலகையில் உள்ள இணைப்பு எண்ணையும் வாசலில் உள்ள எல்லா எண் பலகைகளையும் குறியுங்கள். மாடியில் இருந்து நான்கு பக்க வீடுகளும் தெரியும்படி ஒரு படம் வேண்டும், பின்னால் நான்கெல்லையோடு ஒப்பிட உதவும். பழைய மரம் வாங்குபவர் முதல் நாளே வந்து கதவுகளையும் நிலைகளையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்கு முந்தைய நாள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.